ஜனவரிப் பக்கத்துப் பவுண்டன்

இந்த நாட்டில் கழிவறைச் சுவரிலும் சரித்திரத்தை மாட்டி வைத்திருக்கிறார்கள். பல் பிடுங்கப் போன இடத்தில் நீராவி எஞ்சின். வங்கியில் வரிசையில் நின்றால் தலைக்கு மேல் இரும்புப் பாலம். மளிகைக் கடையின் கழிவறையில், கை கழுவும் தொட்டிக்கு மேலே, நிலக்கரி வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு பழைய ரயில் நிலையம். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாவற்றுக்கும் சட்டம், சட்டத்துக்குக் கீழே பித்தளைத் தகடு. நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பென்சில்வேனியா மாநிலமே சுவரேறி உட்கார்ந்திருந்தது: டிராம் வண்டி, மணிக்கூண்டு, அணைக்கட்டு, இரும்பு உருக்கும் ஆலை. திருத்தங்கலிலிருந்து வந்த புதிதில் அந்தச் சுவரில் நான் ஏசுநாதரைத் தேடினேன். புகைபோக்கிதான் கிடைத்தது. இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே, அந்த ஆலை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எப்போதோ மூடிவிட்டார்களாம். அது இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். ஆலையை ஓட்டத் துப்பில்லை, அதன் படத்தைத் தூசி தட்ட மட்டும் ஒரு ஆள் வந்து போகிறார்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் விடுமுறைக்கு ஒரு பாலத்தையோ கோபுரத்தையோ பார்க்கப் போனால், அதை மறைத்துக்கொண்டு நின்றுதான் படம் எடுப்பார்கள். ஊருக்கு அனுப்பும் படத்தில் மாமாவின் குளிர்க்கண்ணாடி இருக்கும், அத்தையின் ஸ்வெட்டர் இருக்கும், பாலம் அவர்கள் காதுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு தெரியும். ஊரிலோ கேட்கவே வேண்டாம். சிவகாசிப் பக்கம் உலகத்துக்கே படம் அச்சடிக்கிறார்கள். என் தம்பி ஜெபராஜ் வேலை பார்க்கும் அச்சாபீஸின் கழிவுத் தாள்கள் எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கும். பனிமலை, ஏரி, ஏரியில் அன்னம், பூவோடு சிரிக்கும் வெள்ளைக்காரக் குழந்தை. ஆனால் அந்த வட்டாரத்தில் ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலையையோ பட்டாசுத் தொழிற்சாலையையோ, அங்கே வேலைக்குப் போகிற ஒரு முகத்தையோ எந்தக் காலண்டரிலும் நான் கண்டதில்லை. அதையெல்லாம் யார் காசு கொடுத்து வாங்கி மாட்டுவார்கள் என்பார்கள். கேட்டால் கோபம் வேறு வரும்.

எங்கள் இல்லத்தில் கோவாச் என்று ஒரு பெரியவர் இருக்கிறார். சக்கர நாற்காலி. மகளின் பெயர் மறந்துவிட்டது, மனைவி இறந்தது மறந்துவிட்டது, நான் யார் என்பது தினமும் மறந்துபோகும். ஒன்று மட்டும் மறக்கவில்லை. காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும் அந்த ஆலைப் படத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்வார். உலைக்கு முன்னால் கரி அப்பிய ஆட்கள் வரிசையாக நிற்கும் படம் அது. இடமிருந்து மூன்றாவது ஆளின் மேல் விரலை வைத்து, “குட் மார்னிங், பாப்” என்பார். அது அவருடைய அப்பா. அதற்குப் பிறகுதான் ஸ்பூனைக் கையில் எடுப்பார். படத்தைப் பார்க்காத காலையில் வாயைத் திறக்கமாட்டார். குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கெஞ்சினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வார். வேறு எங்கும் அவரிடம் அந்த அப்பாவின் படம் கிடையாது என்று மகள் சொன்னார்.

அந்த வருடம் கூடத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க முடிவானது. படங்கள் எல்லாம் ஊர் வரலாற்றுச் சங்கத்திலிருந்து இரவல் வாங்கியவையாம், திருப்பிக் கொடுக்கும் நேரமும் வந்துவிட்டது. நிர்வாகி டயேன் ஒரு யோசனை சொன்னார். அதே படங்களை வைத்து மாதக் காலண்டர் ஒன்று போட்டு, கூடத்தில் ஒன்று மாட்டி, குடும்பங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். எங்கே அச்சடிப்பது என்ற பேச்சு வந்தபோது நான்தான் வாயைக் கொடுத்தேன். என் தம்பி இருக்கிறான், அவன் ஊரில் இதுதான் தொழில் என்றேன். படங்களை சிடியில் ஏற்றி அனுப்பினோம். ஆடிப் பதினெட்டுக்குப் புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்துக்குப் பூஜை போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்துவிட்டால் அங்கே மூச்சு விட நேரமிருக்காது. அந்த சீசனிலும் ஜெபராஜ் ராப்பகலாக உட்கார்ந்து எனக்காக இதைச் செய்தான். அதை நான் மறுக்கமாட்டேன்.

படங்களைக் கழற்றிய பிறகு காலண்டர் வந்து சேரக் கொஞ்சம் தாமதமானது. கோவாச் வெறும் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஈரப் பெயின்டில் விரலை வைத்து எடுத்து, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு இறங்கவில்லை. சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. “உங்கள் அப்பா கப்பலில் வந்துகொண்டிருக்கிறார்” என்று நான் சமாதானம் சொன்னேன். காலண்டர் கட்டு கப்பலில் வருவதைத்தான் அப்படிச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாம், கப்பலில்தான் வந்தார். வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாராம்” என்றார். நான் சொன்னது ஒன்று, அவர் கேட்டது அவருடைய அப்பா இந்த நாட்டுக்குப் பிழைக்க வந்த கதை. இருந்தாலும் அன்றைக்கு நாலு வாய் சாப்பிட்டார்.

காலண்டர் கட்டு வந்து பிரித்ததும் டயேன் முதல் ஆளாகப் புரட்டினார். “பியூட்டிஃபுல்! எவ்வளவு கலர்!” என்றார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ரயில் எஞ்சினின் கரும்புகை வெள்ளை மேகமாகியிருந்தது. பாலத்துக்குக் கீழே ஓடிய கலங்கல் ஆறு நீலமாகி, அதில் இரண்டு அன்னங்கள். ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கி நின்றவர்களைக் காணவில்லை, அந்த இடத்தில் பூந்தொட்டிகள். ஜனவரிப் பக்கத்தில் ஆலை. ஆலைக்குச் சிவப்பும் மஞ்சளுமாக வர்ணம் பூசியிருந்தது. உலைக்கு முன்னால் ஒருவர் கூட இல்லை. அவர்கள் நின்ற மண்ணில் புல்தரை, கல்வாழை, நடுவில் தண்ணீர் பீய்ச்சும் ஒரு பவுண்டன். சுற்றி நின்ற அத்தனை பேரும் ஆகா என்றார்கள். தினமும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து தின்றவர்கள், அதைத் தங்கள் பெருமை என்று எனக்கு வகுப்பெடுத்தவர்கள், ஒருவருக்காவது ஆட்கள் இல்லாதது தெரியவில்லை.

கோவாச்சுக்குத் தெரிந்தது. மூன்றாவது ஆள் இருந்த இடத்தில் விரலை வைத்தார். அங்கே கல்வாழை. விரலை இடப்பக்கம் நகர்த்தினார், வலப்பக்கம் நகர்த்தினார், பவுண்டனைச் சுற்றி வந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “எல்லோரும் எங்கே? ஷிஃப்ட் முடிந்துவிட்டதா?” என்று கேட்டார். அன்று அவர் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காலிங் கார்டைச் சுரண்டித் தம்பிக்குப் போட்டேன்.

“ஏன்டா, படத்துல இருந்த ஆளுக எல்லாம் எங்கடா?”

“எடுத்தாச்சுக்கா. எம்புட்டு வேலை தெரியுமா? ஒவ்வொருத்தனா அழிச்சு, பின்னாடி செவுத்தை வரைஞ்சு...”

“யாரு உன்னைய அழிக்கச் சொன்னா?”

“என்னக்கா இப்பிடிக் கேக்க? ஒரே கரியும் அழுக்குமா நிக்கானுக. ஒருத்தன் சட்டையே போடல. காலண்டர்னா வருசம் பூரா வீட்ல மாட்டுறது. காலையில முழிச்சு அவன் மொகத்துலயா முழிக்கச் சொல்ற? ஒனக்கு நல்ல பேரு வரட்டுமின்னுதான் செஞ்சேன். பவுண்டன் நல்லா இருக்கா? நம்ம அம்மா படத்துல வச்ச அதே பவுண்டன்க்கா. ராசியானது.”

தலையைத் தூக்கிப் பார்த்தேன். எதிர்ச் சுவரில் அம்மா. பட்டுச் சேலை, கழுத்தில் இரட்டை வடம், காதில் கல் தோடு, பின்னால் புல்தரை, கல்வாழை, பவுண்டன். கீழே அவள் பெயரும் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதும் தங்க எழுத்தில். நம் பக்கம் ஸ்டூடியோவில் செத்தவர்களுக்குச் செய்யும் அலங்காரம் இது. இருந்தபோது இல்லாத நகை, செத்த பிறகு பெயின்டில் வரும். ஒருமுறை வீட்டுக்கு வந்த டயேன் அதைப் பார்த்து, “உங்கள் அம்மா பெரிய பணக்காரக் குடும்பமோ?” என்றார். நகை வரைந்தது என்று சொன்னேன். “கையாலேயே செய்த நகையா!” என்று இன்னும் வியந்தார். அவர்களுக்குப் புரிய வைக்க என் ஆயுள் போதாது.

அம்மா கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிற வேலை பார்த்தாள். விடியும் முன் ஆமத்தூர்ப் பக்கமிருந்து ஆட்களை அள்ளிக்கொண்டு வரும் ஆபீஸ் வண்டியில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். முழங்கை வரைக்கும் வெள்ளிப் பவுடர் ஏறியிருக்கும். சோப்புப் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் நக இடுக்கில் சாம்பல் நிறம் நிற்கும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டாள், நர்ஸிங் படிக்க வைத்தாள். ஆயுத பூஜை அன்று ஆபீஸில் லோடு வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, முதலாளி குடும்பத்தோடு படம் எடுப்பார்கள். பொரிக்காக அம்மாவோடு நானும் போயிருக்கிறேன். படம் எடுக்கிறவர், “ஏய், அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க, வண்டி மறைக்கு” என்று வேலைக்காரப் பொம்பளைகளை விரட்டுவார். வண்டிக்குப் படம் உண்டு, வண்டியை நிரப்பியவர்களுக்குக் கிடையாது. எனக்கு அழுகை வந்தது. அம்மா சிரித்தாள். “விடு. நம்மளப் பிடிச்சு எந்தச் செவுத்துல மாட்டப் போறாக?” என்றாள்.

ஆனால் ஒரு வருடம் அவள் முழுசாகத் தள்ளி நிற்கவில்லை போல. படத்தின் ஓரத்தில் அகப்பட்டுவிட்டாள். அம்மா இருமி இருமிப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய முகம் இருந்த ஒரே படம் அதுதான். ஜெபராஜ் அதை முதலாளி வீட்டில் கேட்டு வாங்கி ஸ்டூடியோவில் கொடுத்திருக்கிறான். அவர்கள் தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பட்டுச் சேலைக்கு மேல் வைத்துவிட்டார்கள். இது எனக்குத் தெரிந்ததுதான். அன்று வரை நான் கேட்காததைப் போனில் அவனிடம் கேட்டேன்.

“அம்மா தலையை எடுத்தீகள்ல, மிச்சப் படம் எங்கடா?”

“அது எதுக்குக்கா? ஸ்டூடியோவுலயே தூக்கிப் போட்ருப்பாக. அதுல என்ன இருந்துச்சு, பவுடர் அப்பின கையிதான.”

“அந்தக் கையைத்தான்டா கேக்கேன்.”

“அம்மாவை நல்லபடியா வைக்கணும்னு நெனச்சது தப்பாக்கா?” என்றான். கார்டில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. அவன் அழித்ததெல்லாம் மரியாதையால் அழித்தது என்பது எனக்குத் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சலே. படம் எடுக்கிறவர் விரட்டியது ஒரு அடி தூரம். நாமே பாசத்தோடு விரட்டியதில் அவள் கை உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டது.

மறுநாள் வரலாற்றுச் சங்கத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மணி என்னிடம் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையைக் கொடுத்து, போட்டுக்கொண்டுதான் படத்தைத் தொட வேண்டும் என்றார். படத்திலிருந்த ஆட்களின் கையைப் பார்த்தேன், ஒருவர் கையிலும் உறை இல்லை. தகட்டில் உலையின் பெயர் இருந்தது, அதைச் செய்த கம்பெனியின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ‘அடையாளம் தெரியாத தொழிலாளர்கள்’. இடமிருந்து மூன்றாவது ஆள் கோவாச்சின் அப்பா, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

“சான்று ஏதாவது இருக்கிறதா?”

“அவருடைய மகன் சொல்கிறார்.”

“அவருக்கு நினைவு தவறிவிட்டது என்றீர்களே?” என்று அம்மணி அன்பாகப் புன்னகை செய்தார்.

இவர்கள் முகத்தை வைத்துக்கொண்டு பெயரைத் தொலைத்தவர்கள். நாங்கள் பெயரைத் தங்க எழுத்தில் எழுதிக் கையைத் தொலைத்தவர்கள். இதில் யார் யாருக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுப்பது! பேசிப் பயனில்லை என்று ஒரு பிரதி மட்டும் கேட்டு வாங்கினேன். அதை இல்லத்துக்குக் கொண்டுவந்து, கூடத்தில் தொங்கிய காலண்டரின் ஜனவரித் தாளைக் கிழித்து எடுத்துவிட்டு, அந்த ஆணியிலேயே ஆலையை மாட்டினேன். காலண்டர் பாழாகிவிட்டதே என்று டயேன் முகம் சுளித்தார். கோவாச் விரலை நீட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. “குட் மார்னிங், பாப். ஷிஃப்ட் மாறிவிட்டாயா?” என்றார். ஓட்ஸ் கஞ்சிக் கிண்ணம் காலியானது.

கிழித்த தாளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. வீட்டில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். ஒரே பவுண்டன் இரண்டு படத்திலும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது, ஒரே கல்வாழை இரண்டிலும் பூத்திருக்கிறது. கிறிஸ்துமஸ் கேக்கோடு வந்த டயேன் அதைப் பார்த்து, “உங்கள் ஊரா? ரொம்ப அழகு” என்றார். ஆமாம் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்த தமிழ்க் குடும்பம், “இது இங்க எந்தப் பார்க்குங்க? பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகணும்” என்று கேட்டது. அவர்களிடம் இங்கே பக்கத்தில்தான் என்றேன். கோவாச் கேட்ட ‘எல்லோரும் எங்கே?’ என்ற கேள்வியை மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.