பேஸ்மன்டில் கட்டிய இயங்குதளம்

நாங்கள் குடியேறிய அஜக்ஸ் நகரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்ச் சனம் என்னைக் ‘கொம்பியூட்டர்காரர்’ என்றுதான் சொல்லும். ஒரு காப்புறுதி அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுப்பதும், பிரின்டர் ஓடவில்லை என்று அழைப்பவர்களிடம் அதை நிறுத்தித் திரும்பப் போடச் சொல்வதும்தான் அந்த வேலை. இதை நான் வெளியில் விளக்கப் போவதில்லை. கல்யாண மண்டபத்தில் யாராவது “நீங்கள் ஐரீ தானே?” என்று கேட்டால், “ஓம், சிஸ்டம்ஸ் பக்கம்” என்று சொல்லிவிட்டு ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் வைத்துவிடுவேன். வாய் நிறைந்திருப்பவனிடம் யாரும் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

எங்கள் பகுதி முதியோர் கழகம் செவ்வாய்க்கிழமைகளில் கூடும். புரொஜெக்டரை மாட்டிக் கொடுக்கிற சாட்டில் நானும் போவேன். அங்கே யாரோ நன்கொடையாகக் கொடுத்த ரப்லற் கைக்கணினிகள் சில இருந்தன. அங்கிள்மாரும் அன்ரிமாரும் அவற்றில் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசினார்கள், தேவார வரிகளைப் பெரிய எழுத்தில் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் சீட்டு விளையாடினார்கள். ஒருநாள் எல்லாவற்றிலும் வீடியோ நின்றுபோனது. இந்தப் பழைய இயங்குதளத்தில் இனி இது ஓடாது என்ற அறிவிப்பு மட்டும் திரைகளில் தெரிந்தது.

கழகத் தலைவர் எழுபதைத் தாண்டியவர், ஊரில் தபாலதிபராக இருந்தவர். ஒரு ரப்லற்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“தம்பி, உதுக்கு என்ன செய்யலாம்?”

புதிது வாங்குங்கோ என்பதுதான் சரியான பதில். அது நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் சுற்றி நின்ற எல்லோரும், வார்டுக்குள் பெரிய டொக்டர் வந்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வை அலுவலகத்தில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

“கொம்பனி கைவிட்டால் விடட்டும் அண்ணை. உதின்ரை மூலநிரல் இன்ரநெற்றிலை சும்மா கிடக்கு. நான் எடுத்துப் புதுசாக் கட்டித் தாறன்.”

“கட்டிறதோ?”

“ஓம். வீடு கட்டிற மாதிரித்தான். அத்திவாரத்திலை இருந்து.”

மூலநிரல் என்பது மென்பொருளை மனிதர்கள் எழுதிவைத்த வடிவம். இயந்திரத்துக்கு விளங்கும்படி அதை மாற்றித் தொகுத்தால் இயங்குதளம் கிடைக்கும். இதைப்பற்றி அந்த வாரம்தான் ரயிலில் ஒரு கட்டுரை வாசித்திருந்தேன். பாதி வாசிக்கும்போது இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது. மிச்சப் பாதியில் என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

காரில் வரும்போது மனைவி கேட்டாள். “உங்களுக்கு உது தெரியுமோ?”

“தெரியாமல் சொல்லுவனே?”

“இல்லை, போன கிழமை ரிமோட்டுக்கு பற்றறியைத் தலைகீழாப் போட்டிட்டு ரிவி பழுது எண்டனீங்கள்.”

வீட்டுக்கு வந்து, அதற்கென்று இணையத்தில் கிடந்த வழிகாட்டியைத் திறந்தேன். இயங்குதளத்தைப்பற்றி அதில் இன்னும் ஒரு சொல் வரவில்லை. முதல் பக்கம் முழுவதும், அதைத் தொகுக்கப்போகும் கணினி எப்படி இருக்கவேண்டும் என்பதுதான். அதை ஹோஸ்ட் கணினி என்கிறார்கள். அது கேட்ட நினைவகத்தில் கால்வாசிதான் என் மடிக்கணினியில் இருந்தது. டிஸ்கில் கேட்ட இடமோ, என் கணினியில் உள்ள எல்லாவற்றையும் அழித்தாலும் வராது. கல்யாணச் சமையலை முட்டை பொரிக்கும் தாச்சியில் செய்ய வெளிக்கிட்டிருக்கிறேன் என்று விளங்கியது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்குள் கழகத்தின் வட்சப் குழுவில் எனக்குப் பூங்கொத்துகள் வரத் தொடங்கியிருந்தன.

ரெக்ஸ்டேலில் ஒருவர் கராஜில் வைத்துப் பழைய அலுவலகக் கணினிகளை விற்கிறார் என்று விளம்பரத்தில் கண்டேன். நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து போனேன். அவர் காட்டிய பெட்டி ஒரு சிறிய அலுமாரி உயரம் இருந்தது. என்ன தேவைக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். இயங்குதளம் கட்டப்போகிறேன் என்றேன். கொம்பனி நடத்துகிறீர்களோ என்றார். இல்லை, முதியோர் கழகத்துக்கு என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக் காரின் பின்சீற்றில் வைத்து, அதற்கு சீற் பெல்ற்றும் போட்டுவிட்டார்.

பேஸ்மன்டில் வசதியான இடத்தில் ஒரே ஒரு பிளக்தான் இருந்தது. அதில் மனைவியின் பெரிய ஃப்ரீசர் மாட்டியிருந்தது.

“அந்தப் பிளக்கிலை என்ரை ஃப்ரீசர் எல்லே கிடக்கு” என்றாள்.

“ரெண்டு ஓட்டை இருக்குத்தானே. ஒண்டு அதுக்கு, ஒண்டு இதுக்கு.” மின்சாரம் பற்றிய என் அறிவு அவ்வளவுதான்.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி விமானம் கிளம்புவதுபோல இரைந்தது. முதலில் அதில் லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவவேண்டும். நிறுவுவதற்குரியதை ஒரு யூஎஸ்பி குச்சியில் எழுதிச் செருகினேன். பெட்டி குச்சியைக் கவனிக்கவே இல்லை. தான் முன்பு இருந்த அலுவலகத்தின் கடவுச்சொல்லைக் கேட்டது. ஊரெல்லாம் கடவுச்சொல் மாற்றிக் கொடுக்கிறவன் ஒரு கடவுச்சொல்லின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் ரெக்ஸ்டேல்காரரைத்தான் அழைத்தேன். உள்ளே காசளவு ஒரு பற்றறி இருக்கிறது, அதைக் கழற்றிச் சற்றுப் பொறுத்துத் திரும்பப் போடுங்கள் என்றார். வேலை செய்தது. லினக்ஸ் உள்ளே போய், கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன்.

“தம்பி, திரை பழுதோ?” என்று ஓர் அன்ரி உடனே எழுதினார்.

மூலநிரலை இறக்கித் தரும் மென்பொருள், “நீர் யார்? அதை முதலில் சொல்லும்” என்றது. பெயரையும் மின்னஞ்சலையும்தான் கேட்கிறது என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் உண்மையிலேயே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஊரில் கணிதம் படித்தவன். இங்கே வந்து இறங்கிய பிறகு கிடைத்த வேலைகளைச் செய்து, இரவு வகுப்பில் ஒரு சான்றிதழ் எடுத்து, அலுவலக மேசை ஒன்றைப் பிடித்து, அதிலேயே இருந்துவிட்டவன். பிறர் செய்த பொருள்களை நிறுத்தித் திரும்பப் போடுவதைத் தவிர, நானாக ஒன்றும் செய்து முடித்ததில்லை. கழகத்தில் வாயைக் கொடுத்தது வெறும் பெருமைக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது. பெருமைதான் பெரும்பங்கு. ஆனால் அது மட்டும் இல்லை.

பிறகு மூலநிரல் இறங்கத் தொடங்கியது. இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. வீட்டு இன்ரநெற்றை அதுவே முழுக்க விழுங்கியதில், மேலே மனைவியின் தொடர்நாடகத்தில் கதாநாயகி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள்.

“இஞ்சருங்கோ, இவள் நேற்று இரவு தொடங்கிக் கத்துறாள், இன்னும் முடியேல்லை!” என்று படிக்கட்டில் நின்று மனைவி கூப்பிட்டாள்.

இறக்கி முடித்துத் தொகுக்க விட்டேன். நினைவகம் போதாமல் ஒரு கட்டத்தில் பெட்டி தானாகவே வேலையைக் கொன்றுவிட்டு, கொன்றுவிட்டேன் என்று ஒரே சொல்லில் அறிவித்தது. திரும்பவும் ரெக்ஸ்டேல், திரும்பவும் 401, இன்னும் கொஞ்சம் நினைவகம். அந்தக் கடுங்குளிரில் பேஸ்மன்டில் இருந்து இருந்து கால் விறைத்ததால், காலடியில் ஒரு மின்சார ஹீற்றரும் வைத்துக்கொண்டேன். அதை எங்கே மாட்டினேன் என்று சொல்லத் தேவையில்லை. அதே பிளக்தான், ஒரு நீட்டிப்பு வயரின் உதவியோடு.

அந்த வெள்ளிக்கிழமை மொன்றியலில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். புறப்படும்போது தொகுப்பைத் தொடக்கிவிட்டேன். அவசரத்தில் ஹீற்றரை நிறுத்த மறந்துபோனேன். கல்யாணத்தில் யாரோ “நீங்கள் ஐரீ தானே?” என்று கேட்டார். இந்தமுறை நான் ரோல்ஸை எடுக்கவில்லை.

“வீட்டிலை இப்ப ஒரு இயங்குதளம் கட்டி எழும்பிக்கொண்டிருக்கு” என்றேன். அவர் மரியாதையோடு சற்று விலகி வழிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் வீடு வந்ததும், சப்பாத்தை மட்டும் கழற்றிவிட்டு நேரே கீழே ஓடினேன். பேஸ்மன்ட் அமைதியாக இருந்தது. பெட்டி உயிரில்லாமல் நின்றது. சுவிட்சை அழுத்தினேன், அசையவில்லை. மின்சாரம் இருந்தது, தலைக்கு மேலே லைற் எரிந்துகொண்டுதானே இருக்கிறது. ஆகவே கோளாறு பெட்டிக்குள்தான் என்று முடிவு செய்தேன். பெட்டியைத் திறந்தேன். நினைவகக் குச்சிகளைக் கழற்றி ஊதித் திரும்பச் செருகினேன். காசுப் பற்றறியைக் கழற்றிப் போட்டேன். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துகொண்டு, இயந்திரங்கள் ஏன் திடீரென்று செத்துப்போகின்றன என்று முன்பின் தெரியாத ஆட்கள் எழுதியவற்றைத் தொலைபேசியில் வாசித்தேன். காலுறை ஈரமாக இருந்தது. வெளியில் மிதித்த பனி உருகுகிறது என்று நினைத்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொடர்ந்து வாசித்தேன்.

மனைவி உடுப்புக் கூடையோடு இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். பிறகு ஃப்ரீசரைப் பார்த்தாள்.

“உந்தத் தண்ணி எங்காலை வருது?”

நான் ஒரு நீர்க்குட்டைக்குள் இருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் கூடையை வைத்துவிட்டு, சுவரிலிருந்த மின்பெட்டியைத் திறந்து, சுமை தாங்காமல் விழுந்திருந்த அந்தப் பிளக்கின் பிரேக்கரை ஒரு விரலால் மேலே தட்டினாள். கணினிப் பெட்டி உறுமி எழும்பியது. ஃப்ரீசர் முனகியது. ஹீற்றர் சிவந்தது. மூன்றும் சேர்ந்து ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அணைந்தன. அவள் குனிந்து ஹீற்றரின் வயரைப் பிடுங்கி என் மடியில் போட்டாள். பிறகு பிரேக்கரை இன்னொருமுறை தட்டினாள்.

ஃப்ரீசருக்குள் நண்டு, இறால், திருக்கை, கணவாய் எல்லாம் இளகிப்போய்க் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நடுவிலை இன்னும் ஐஸ் கிடக்கு. குளிர் விடேல்லை. இண்டைக்கே காய்ச்சினால் ஒண்டும் பழுதில்லை” என்றாள். “கழகத்து ஆக்களுக்கு ஃபோன் அடியுங்கோ. பின்னேரம் கூழ் எண்டு சொல்லுங்கோ.”

“உந்தப் பனிக்குள்ளை வருவினமே?”

“கூழ் எண்டால் வருவினம்.”

வந்தார்கள். கம்பளித் தொப்பிகளும் ஊன்றுகோல்களுமாக, பிள்ளைகளின் கார்களில் வந்து இறங்கினார்கள். நான் தொகுப்பைத் திரும்பவும் தொடக்கிவிட்டு, ஒரு மூலையில் இருந்து நண்டு கழுவினேன், இறால் உரித்தேன். மனைவி இருந்த பெரிய பானைகள் எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றி, பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினாள். வீடு முழுக்கப் புளியும் செத்தல் மிளகாயும் மணத்தன. ஹோஸ்ட் என்றால் விருந்து கொடுப்பவர் என்றும் ஒரு பொருள் உண்டு. என் ஹோஸ்ட் கணினி அந்த வேலையை மட்டும் குறையில்லாமல் செய்திருந்தது.

தலைவர் கூழ்க் கிண்ணத்தோடு எழுந்தார். “எங்கை தம்பி, அந்தச் சாமானை ஒருக்காக் காட்டுமன்.”

எல்லோரும் படிப்படியாக இறங்கிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

“உதுக்குள்ளையோ எங்கடை ரப்லற் இருக்கு?” என்று ஓர் அன்ரி கேட்டார்.

“ரப்லற் இல்லை அன்ரி. ரப்லற்றுக்குப் போடுற சாமான் உதுக்குள்ளை அவியுது.”

“எப்ப இறக்குவீர்?”

“அவிஞ்ச உடனை” என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்த மாதம் முடிவதற்குள் அவிந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லாமல், வெற்றிகரமாக முடிந்தது என்று பச்சை எழுத்தில் ஒரு வரி வந்தது. கதிரையை விட்டு எழுந்து தனியாக நின்று கை தட்டினேன். அதன் பிறகு அதை ரப்லற்றில் போடும் வழியைத் தேடியபோதுதான், ரயிலில் வாசிக்காமல் விட்ட மிச்சப் பாதி எதிரே வந்தது. ரப்லற்றின் திரைக்கும் கமராவுக்கும் வைஃபைக்கும் உரிய துண்டு நிரல்களை அதைச் செய்தவர்கள்தான் தரவேண்டும். இந்த மொடலுக்கு அப்படி எதையும் யாரும் வெளியிட்டிருக்கவில்லை. நான் கட்டியதை ஓடவிடக்கூடிய ஒரே இடம் அதே பெட்டிதான். அதன் திரையில் ஒரு போலித் தொலைபேசியின் படம் வரும், அதற்குள் ஓடும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் தலைவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சுற்றி வளைத்துச் சொன்னதால் அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

“அப்ப எங்கடையிலை ஓடாது.”

“ஓடாது அண்ணை.”

“பறவாயில்லை. என்ரை மகளும் மற்றப் பிள்ளையளும் சேர்ந்து புதுசு வாங்கித் தாறம் எண்டு அப்பவே சொன்னவை. நீர் கட்டுறீர் எண்டுதான் நான் மறிச்சு வச்சனான்.” அவர் என் தோளில் கையை வைத்தார். “அது கிடக்கட்டும். தங்கச்சி திருப்பி எப்ப கூழ் காய்ச்சுறா?”

வீட்டுக்கு வந்து, கட்டியதை ஒருமுறையாவது ஓடவிட்டுப் பார்ப்போம் என்று பேஸ்மன்டுக்குப் போனேன். மனைவி ஃப்ரீசரில் எதையோ வைக்க வந்தவள், பின்னால் நின்று பார்த்தாள். திரையின் நடுவில் சிறிய தொலைபேசி ஒன்று தோன்றியது. கறுப்பாக இருந்தது, பிறகு வெளித்தது, பிறகு நேரத்தைக் காட்டியது. மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். எழுத்துகள் எல்லாம் தமிழில் வந்து நின்றன. மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

“இது நான் கட்டினது.”

“வடிவாத்தான் இருக்கு” என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். குனிந்து இன்னும் கிட்டப் பார்த்தாள். “உதாலை ஆருக்குக் கோல் எடுக்கலாம்?”

“ஒருத்தருக்கும் எடுக்கேலாது.”

“ஆரும் எங்களுக்கு எடுக்கலாமோ?”

“ஏலாது.”

“அப்ப திறமான ஃபோன்” என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.