மூடி வியர்த்தால் சுகம்

ரொறன்ரோவில் என்னைப் பற்றிய முதல் முறைப்பாடு ஒவ்வொரு காலையும் ஒரு செத்த மனிதருக்குத்தான் போகிறது. வெக்ஸ்போர்ட் பகுதியில், ஒரு வீட்டின் கீழே பேஸ்மென்றில் நானும் அக்காவும் இருக்கிறோம். மேலே வீட்டுக்காரி நொரிக்கோ அன்ரி, ஜப்பான்காரி. காலமான கணவரின் படத்துக்கு முன் தேநீர் வைத்து, சின்ன மணியொன்றைத் தட்டி, முதல்நாள் புதினமெல்லாம் சொல்லுவா. நான் வாசலில் ஸ்னோ அள்ளாத கதை அதில் கட்டாயம் இருக்கும்.

ஞாயிறுகளில் எங்களையும் கூப்பிட்டு ஜப்பான் நாடக வீடியோக் கசற் போடுவா. அநேகமாக எல்லாவற்றிலும் ஒரு விதவை. எங்கள் சினிமா விதவை வெள்ளைச் சேலையோடு மூலையில் நிற்பா; அவர்களுடைய விதவை புருசனின் படத்துக்குச் சோறு வைத்து, கூரை ஒழுகுது என்று சண்டையும் பிடிப்பா. அக்கா ரசித்துப் பார்ப்பா. ஆனால் அவவின் பாடு இரண்டிலும் சேராது. அத்தானைக் கொழும்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அவருடைய படம் இன்னும் சூட்கேசுக்குள். சுவரில் ஏற்றினால் யாராவது மாலை போட்டுவிடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம். பார்க்டேலில் இருக்கிற சித்தியோ போனில் விடுவதாயில்லை. "பிள்ளை, இனியும் ஏன் உந்தப் பொட்டு? சனம் கதைக்குது. திவசத்தைத் தொடங்கு."

ஒரு ஞாயிறு, நாடகத்தில் ஒருத்தி சாப்பாட்டு மேசையில் ஆளில்லாத இடத்தில் மூடிய கிண்ணம் வைத்தாள். திரையின் கீழே ஓடும் ஆங்கில எழுத்தை அரைகுறையாக வாசிக்கும் மொழிபெயர்ப்பாளன் நான். "புருசன் முடிஞ்சார் அக்கா. படையல்" என்றேன். அக்கா எழும்பிவிட்டா.

"நோ, நோ!" நொரிக்கோ அன்ரி கசற்றை நிற்பாட்டினா. செத்தவருக்கு வைப்பது வேறாம். இது வெளியே போய் இன்னும் திரும்பாதவருக்காம். மூடியின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஆள் சுகமாக இருக்கிறாராம்.

"வியர்க்காட்டி? கேளடா" என்றா அக்கா.

கேட்டேன். அன்ரி கொஞ்சம் யோசித்தா. "மோர் ஹொட்" என்றா. இன்னும் சூடாக வைக்கவேண்டுமாம்.

அன்று பின்னேரம் சித்தியின் போன் வந்தது. "திவசம் வேண்டாம் சித்தி. அவருக்குச் சாப்பாடு போட்டாச்சு" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டா.

இப்போது எங்கள் மேசையில் மூன்றாவது கதிரைக்கு முன்னால், அன்ரி தந்த மூடிக் கிண்ணத்தில் ரசம். "அக்கா, உந்தக் குளிருக்கு மூடி என்ன, சுவரே வியர்க்கும்" என்றேன். "வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடு" என்றா.

அவ வேலைக்குப் போகும் நாட்களில் நான்தான் வைக்கவேண்டும். நேற்று ஏதோ பராக்கில் ரசம் ஆறிவிட்டது. நம்பிக்கையில்லாத நான், மூடி வியர்த்திருக்கா என்று பார்க்காமலே கிண்ணத்தைத் தூக்கிப்போய், நன்றாகக் கொதிக்கவைத்து ஊற்றி, திரும்ப மூடினேன். அத்தான் எந்த நாட்டில் இருக்கிறாரோ தெரியாது. அவருடைய ரசத்துக்குக் கனடாவில் ஒரு கதிரை கிடைத்திருக்கிறது.