எந்தக் காலை முதலில் வைத்தான்?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அடியே படாது என்று ஒரு காலத்தில் நான் மனதார நம்பினேன். சிரிக்காதீர்கள். நம்பியதோடு விட்டேனா? அதை ஒரு ஆய்வுக் கட்டுரையாக்கி, மெட்ராஸில் ஒரு கருத்தரங்கில் வாசிக்கப்போவதாகத் தலைப்பையும் அனுப்பிவிட்டேன்.

போன வாரம் பாண்டி தன் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். அதனால்தான் இதெல்லாம் கிளம்பிவிட்டது.

பாண்டி யார்? சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லியாக வேண்டும்... அதுதான் கொஞ்சம் சிக்கல். ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு உடற்கல்விக் கல்லூரியில் 'விளையாட்டுக் காயங்கள்' என்று ஒரு பாடம் நடத்துகிறேன். விழுந்தவனை எப்படித் தூக்குவது, எங்கே கட்டுவது, எப்போது மறுபடி மைதானத்துக்குள் விடுவது — இவ்வளவுதான் பாடம். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்டார்கள்.

"மாப்பிள்ளை டாக்டரா?"

"இல்லை."

"டிரில் மாஸ்டரா?"

"அதுவும் இல்லை."

"பொறவு?"

அந்தப் 'பொறவு'க்கு என் மாமனாருக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஆராய்ச்சி ஆசை வந்தது. கபடி ஆடுகிறவர்களுக்கு எங்கே அடிபடுகிறது, எப்படி அடிபடுகிறது? சாயங்காலமானால் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிடுவேன். செண்பகத்தோப்பு போகிற ரோட்டில் ஒரு மைதானம். அங்கே ஆடும் டீமுக்கு மேனேஜர் காதர் பாய். டவுனுக்குள் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

என் கழுத்தில் விசில், ஒட்ட வெட்டிய கிராப்பு, கையில் அட்டையில் சொருகிய காகிதம். ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்துக் கேட்பேன். பெயர் என்ன? வயது என்ன? முட்டியில் வலி உண்டா? தோள்பட்டை இறங்கியிருக்கிறதா?

"ஒண்ணுமில்ல சார்."

அடுத்தவன். "நல்லா இருக்கேன் சார்." அதற்கடுத்தவனுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவனும் ஒன்றுமில்லை என்றான்.

மாதக்கணக்கில் போனேன். ஒருத்தனுக்கும் ஒன்றுமில்லை! நான் என்ன செய்வேன்? காரணம் தேட ஆரம்பித்தேன். மலைக்காற்றாக இருக்குமோ? மண்ணாக இருக்குமோ? பால்கோவாவாக இருக்குமோ என்றுகூட ஒரு ராத்திரி யோசித்தேன் — ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் அதை வாங்கித் தின்றதே இல்லை என்பது மறுநாள்தான் உறைத்தது.

ஒரு நாள் காலையில் திருமுக்குளத்துப் பக்கம் நின்றிருந்தேன். டீமின் நல்ல ரைடர் பாண்டி குளிக்க இறங்கிக்கொண்டிருந்தான். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு — யார் படி இறங்கினாலும் காலைப் பார்ப்போம். நல்ல கால் உள்ளவன் இடது, வலது என்று மாற்றி மாற்றி வைப்பான். முட்டி கெட்டவன் அப்படியில்லை. கெட்ட காலை முதலில் கீழே வைப்பான், நல்ல காலைக் கொண்டுவந்து அதே படியில் சேர்ப்பான், மறுபடி கெட்ட கால்.

பாண்டி கடைசிப் படிவரை இடது காலையே முதலில் வைத்தான்.

பிடித்து உட்காரவைத்து முட்டியை அசைத்துப் பார்த்தேன். கீல் கழன்ற கதவு மாதிரி ஆடியது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார்... எழுதிராதிய."

"எழுதினா என்னப்பா?"

"செலக்‌ஷன் வருதுல்லா சார். எங்க அண்ணன் ரெண்டு பேரும் பட்டாளம். சித்தப்பா போலீஸு. வீட்டுக் கொடியில காக்கியும் பச்சையுமாக் காயுது. என் லுங்கி ஒண்ணுதான் தனியாத் தொங்குது."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. போலீஸ் செலக்‌ஷனுக்கு முன்னால் ஒரு ஆள் மஃப்டியில் ஊர் ஊராக வருவானாம். கை கால் பழுதானவர்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போய்விடுவானாம். யார் கிளப்பிய வதந்தியோ... அந்த ஆள் நான்தான் என்று மொத்த மைதானமும் முடிவு கட்டியிருந்தது. காதர் பாய் உட்பட. எனக்கு அவர் வாங்கிக் கொடுத்த டீயெல்லாம் எதற்கு என்று இப்போது புரிந்தது.

"நான் வெறும் வாத்தியார்ப்பா" என்றேன். பாண்டி மரியாதையாகத் தலையாட்டினான். நம்பவில்லை.

"சரி, நம்ப வேண்டாம். ஆனா இந்த முட்டியோட செலக்‌ஷன்ல லாங் ஜம்ப் தாண்டாத. விழுந்தா பொறவு எந்திரிக்கவே ஏலாது."

"சரி சார்" என்றான். தாண்டத்தான் போகிறான் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! அதிகாரிகளிடம் போய்ச் சொன்னால் அவன் வேலை போச்சு. சொல்லாவிட்டால் கால் போச்சு. வீட்டில் ராப்பகலாக அங்கும் இங்கும் நடந்தேன். "அந்தப் பையனுக்கு முட்டி போகுதோ இல்லியோ, உங்களுக்குப் போயிரும்" என்றாள் மனைவி.

செலக்‌ஷன் அன்று பொறுக்க முடியவில்லை. பஸ் பிடித்து விருதுநகர் போனேன். போய் என்ன செய்வதாகத் திட்டம்? ஒன்றும் கிடையாது. மணல் குழிக்குக் குறுக்கே படுத்துவிடலாம் என்றெல்லாம் பஸ்ஸில் யோசனை ஓடியது. இறங்கி, மைதானத்தை நோக்கி ஓடினேன். வழியில் ஒரு சாக்கடை. சின்னதுதான். தாண்டினேன்... காயங்கள் பாட வாத்தியார், கணுக்காலை மடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்தேன்.

நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தால், வேப்பமரத்தடியில் பாண்டி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருக்கிறான்.

"என்னப்பா, தாண்டிட்டியா?"

"எங்க சார். நெஞ்சளவுல அரை இஞ்சு பத்தலைன்னு முதல் வரிசையிலயே வெளிய அனுப்பிட்டாவ." என் காலைப் பார்த்தான். "சார், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. எத்தனை மாதமாக இந்தச் சொல்லைக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்!

பாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கணுக்காலைச் சுற்றிக் கட்டினான். கட்டு கொஞ்சம் தப்புதான். திருத்த வாய் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் கட்டோடு மைதானத்துக்குப் போனேன். காதர் பாய் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பையன்களைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே, நொண்டுத ஆள எந்த டிபார்ட்மென்ட்டும் அனுப்பாதுடா. இவிய நெசமாவே வாத்தியாருதான். போய்க் காட்டுங்க."

வந்தார்கள் பாருங்கள்... தோள் இறங்கியவன், விரல் கோணியவன், விலா விரிசல் விட்டவன். காகிதம் பத்தாமல் அட்டையிலேயே எழுதினேன். மெட்ராஸுக்கு அவசரமாகத் தலைப்பை மாற்றி எழுதிப் போட்டேன். ஏன் மாற்றினீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நல்ல வேளை.

பாண்டி மட்டும் வேறு ஒன்று கேட்டான். "சார், நெஞ்சு விரிய என்ன செய்யணும்?"

"முதல்ல மதுரைக்கு வந்து டாக்டர்கிட்ட முட்டியக் காட்டு. பொறவு நெஞ்சப் பாக்கலாம்."

வந்தான். தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, கத்தி வேண்டாம், ஆனால் ரொம்பப் பொறுமை வேண்டும் என்றார் டாக்டர். மாவுக்கட்டு பிரித்த பிறகு வேலை என் கைக்கு வந்தது. காதர் பாய் கடையில் பழைய சைக்கிள் டியூபின் ஒரு முனையை பெஞ்சுக் காலில் கட்டி, மறு முனையை பாண்டியின் கணுக்காலில் மாட்டிவிடுவேன். தினமும் இழுக்க வேண்டும். தொடை தேறினால்தான் முட்டி நிற்கும்.

"பாய், இப்ப ஆளுக்கும் பஞ்சர் ஒட்டுதியளா?" என்பார்கள் சைக்கிள் விட வந்தவர்கள்.

"ஒட்டுதோம். காத்து நிக்குமான்னு வாத்தியாருக்குத்தான் தெரியும்" என்பார் பாய்.

வாத்தியாருக்கும் தெரியாது. இதுதான் எங்கள் தொழிலின் லட்சணம். கட்டுவோம், இழுக்கச் சொல்வோம், காத்திருப்போம். நின்றதா இல்லையா என்பதை அவனாகச் சொன்னால்தான் உண்டு. அவனோ 'ஒண்ணுமில்ல' என்கிற வம்சம்.

அடுத்த செலக்‌ஷனில் நெஞ்சு தேறியது. ஓடினான், கயிறு ஏறினான், தாண்டினான். எடுத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. இத்தனை வருஷமாக எப்போது பார்த்தாலும் கேட்பேன். "முட்டி எப்படிப்பா?" "ஒண்ணுமில்ல சார்." அந்தப் பதிலை நான் எப்படி நம்ப?

போன வாரம் வந்தவன் காப்பி குடித்தான், பத்திரிகை வைத்தான், கிளம்பினான். எங்களுடையது மாடி வீடு. வழியனுப்புகிற சாக்கில் படி உச்சியில் வந்து நின்றுகொண்டேன்.

இடது, வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றி வைத்து இறங்கிப் போனான்.