குருவி ஆசாரியின் வண்டி

1963 பிப்ரவரி 17, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் காலை ஆறரை மணிக்கே அரிமளம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அன்று அரிமளத்தில் மாட்டுவண்டிப் பந்தயம். பன்னிரண்டு மைலுக்கு அரை ரூபாய் டிக்கெட். கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் யார் வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். சுப்பையா ஆசாரி வீட்டு வண்டி என்றேன்.

"குருவி ஆசாரி வண்டியா? சாக்கு எடுத்துக்கிட்டீங்களா? ஆரக்காலை அங்கிட்டும் இங்கிட்டுமாப் பொறுக்கணுமே" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுப்பையா ஆசாரியை எனக்கு 1951 வைகாசியிலிருந்து தெரியும். என் வீட்டு வாசல்கதவு அவர் செய்தது. வேலை நடந்த நாட்களில் இரவு தங்கச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். "புள்ளைக சோத்தைப் போட்டு வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும்ங்க" என்று அரிமளத்துக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். வெளியூரில் எத்தனை பெரிய வேலை என்றாலும் இதே கதைதான். கூலி குறைந்தாலும் ராத்திரிச் சாப்பாடு மனைவி மக்களோடுதான். போகும்போது என் தோட்டத்தில் உதிர்ந்த புங்கங்காய்களை மடியில் கட்டிக்கொள்வார். அரிமளத்துக் கண்மாய்க்கரையில் ஊன்றுவாராம்.

குருவி ஆசாரி என்ற பெயர் 1961 புரட்டாசியில் ஒட்டியது. ஒரு பண்ணைக்காரர் பந்தய வண்டி செய்யச் சொல்லியிருந்தார். அதற்கு ஆசாரி விலை பேசிய கருவேலமரம் ஒரு கிணற்றின் மேல் சாய்ந்து நின்றது. கிளையெல்லாம் தூக்கணாங்குருவிக் கூடுகள். கூட்டில் குஞ்சு இருக்கும்போது கோடரி வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தை பிறந்து, கூடுகள் காலியான பிறகே மரம் சாய்ந்தது. ஊரார் கேலிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அடுத்த ஆவணியில் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை பூட்டியதை ஆசாரி பார்த்தார். ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தார். அதன் பிறகு வந்த பண்ணைக்காரர், தாமதமாக வெட்டிய மரம், கட்டை காய்ந்திருக்காது, ஓட்டத்தில் சக்கரம் பிரிந்துவிடும் என்று வண்டியை எடுக்காமல் போய்விட்டார். அந்தப் பேச்சு சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் பரவியது. தகப்பனின் பட்டறையை ஏற்று நடத்திய மூத்த மகன் முத்தையாவிடம் சக்கர வேலை கொண்டுவர ஆளில்லை. அப்போதுதான் ஆசாரியின் மனைவி காமாட்சியம்மாள், நம் வண்டியை நாமே பந்தயத்தில் விடுவோம் என்றார். மருமகன் ராமனிடம் ஒரு ஜோடி காளைகள் இருந்தன. வண்டி உடைந்தால் பட்டறையும் அன்றோடு முடிந்தது. இது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

ஏழரை மணிக்கு அரிமளத்தில் இறங்கினேன். கப்பிச்சாலையின் இரு பக்கமும் ஜனங்கள். புளியமரத்தடியில் முத்தையா சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அவர் அம்மா காளைகளுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட்டீர்களா என்று என்னை விசாரித்துவிட்டு, மகனைக் காட்டி, "இவன் நேத்துலேருந்து பட்டினிங்க. சக்கரத்தையே தின்னுருவான் போலருக்கு" என்றார்.

ஆசாரியின் சக்கரத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சக்கரத்தின் நடுக்குடத்துக்கும் சக்கரம் கழலாமல் தடுக்கும் கடையாணிக்கும் இடையே துளி இடம் விட்டுச் செய்வார். ஓடும்போது குடம் அசைந்து ஆணியில் தட்டும். டொக் டொக் என்று தாளம் தப்பாமல் ஒலி வரும். அந்த ஒலிக்குக் காளைகள் எட்டு வைத்துப் போகும் என்பது அவர் கணக்கு. அந்தி நேரத்தில் அவர் எவர் வண்டியிலாவது ஏறி வீடு திரும்பினால், அது அவர் செய்த வண்டியாக இருக்கும் பட்சத்தில், தெருமுனைக்கு வருமுன்பே காமாட்சியம்மாள் உலை வைத்துவிடுவாராம்.

எட்டரை மணிக்கு நடுத்தரக் காளைகளுக்கான நடுமாட்டுப் பந்தயம் தொடங்கியது. போய்த் திரும்ப ஆறு மைல். பதினொரு வண்டிகள். கொடி விழுந்ததும் கிளம்பிய புழுதியில் ராமனின் தலைப்பாகையை மட்டும் ஒரு கணம் பார்த்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ இடம். பிறகு வெறும் சாலை.

கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் ஒருவர் எதிரே வந்தார். முதல் மைல் வளைவில் ஒரு வண்டிக்குச் சக்கரம் பிரிந்துவிட்டது என்றார். யார் வண்டி என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டார்கள். முத்தையா அப்படியே சாலையோரம் உட்கார்ந்துவிட்டார்.

காமாட்சியம்மாள் மட்டும் தலையைச் சாய்த்து நின்றார். எனக்கு ஜன இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

"எந்திரிடா முத்தையா. அப்பா வண்டி வருது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே ஆத்தா."

"வருதுடா. ஒத்தையா வருது. பக்கத்துல வேற சத்தமே இல்ல."

பிறகு எனக்கும் கேட்டது. டொக் டொக், டொக் டொக். புழுதியைக் கிழித்துக்கொண்டு இரண்டு காளைகள் ஒரே எட்டாக வந்தன. பின்னால் ராமன் எழுந்து நின்று ஓட்டினார். அடுத்த வண்டி ஒரு பர்லாங் தூரத்துக்கு அப்பால் இருந்தது. சக்கரம் பிரிந்தது வேறு ஊர் வண்டி; ஓட்டியவருக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. காலையில் கேலிக்குச் சொன்ன பெயரை இப்போது சாலை முழுவதும் கூவிக்கொண்டிருந்தது. குருவி ஆசாரி வண்டி, குருவி ஆசாரி வண்டி. முதல் கொடியை ராமன் வாங்கி மாமியாரிடம் கொடுத்தார். முத்தையா சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டிப் பார்த்தார். ஒன்றுகூட அசையவில்லை.

பதினோரு மணிக்குப் பண்ணைக்காரர் ஆசாரி வீட்டுக்கு வந்தார். வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். காமாட்சியம்மாள் அவருக்கு மோர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"இது எங்க வீட்டு வண்டிங்க. ஒங்களுக்கு எம்மகன் வேற செஞ்சு தருவான். ஆனா கூடு காலியான பொறவுதான் மரம் வெட்டுவான். அதுக்குக் காத்திருக்கிறதா இருந்தா சொல்லுங்க."

அவர் மோரைக் குடித்து முடித்துவிட்டு, காத்திருக்கிறேன் என்றார். அதற்குள் வாசலில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். முத்தையா அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணி பஸ்ஸில் திரும்பினேன். அதே கண்டக்டர். அரை ரூபாயை நீட்டினேன். என்னை மறந்துவிட்டார் போலும். முதல் கொடி யாருக்கு என்று கேட்டார். கடைசி வரிசைக்கும் கேட்கும்படியாகவே பதில் சொன்னேன்.

"குருவி ஆசாரி வண்டிக்கு."