சீதா பார்த்த வரி

கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நெட்வேர்க் வேலை பார்க்கிறாள் சீதா. திகனயிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான்கு மாடிக்கும் சீலிங்குக்குள் தலையை நுழைத்து வயர் இழுத்தவள் அவள்தான். பொறுப்பாளர் பதவி காலியானதும் தனக்குத்தான் என்று இருந்தாள். அப்போது பார்த்துப் பேராதனைப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு கிருஷாந்தி வந்து சேர்ந்தாள்.

வந்து எட்டு மாதம்தான். அதற்குள் மனேஜர் மக்கீன் அவளை "மகள்" என்று கூப்பிடுகிறார். சீதா இன்னும் வெறும் சீதாதான். கிருஷாந்தி சிரித்தாலும் சீதாவுக்கு வயிறு எரிந்தது, சிரிக்காவிட்டாலும் எரிந்தது. நெட்வேர்க் சுவிட்சில் அவள் ஒட்டும் லேபல்கள் கோணாமல் இருப்பதைக்கூடப் பொறுக்க முடியவில்லை.

போன செவ்வாய் காலை இரண்டாம் மாடியில் புது மருந்தகத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் செருகும் அக்ஸஸ் போர்ட் சுலபம், அதில் ஒரு பிரிவு மட்டும்தான். மாடிகளை இணைக்கும் ட்ரங்க் போர்ட்தான் வில்லங்கம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண், எல்லாப் பிரிவுகளும் அந்த ஒரு வயரில் போகின்றன. அனுமதிப் பட்டியலில் புது எண்ணைச் சேர்க்கும்போது 'அட்' (add) என்று அடிக்காவிட்டால் பழைய எண்கள் அத்தனையும் போய், புதியது மட்டும் மிஞ்சும். முதல் வருடத்தில் சீதாவே இதில் அகப்பட்டு அழுதிருக்கிறாள்.

கிருஷாந்தி அடித்த வரியில் அந்தச் சொல் இல்லை.

"சரியான்னு ஒருக்கா பாருங்க அக்கா."

சீதா பார்த்தாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். கிருஷாந்தி என்டரைத் தட்டினாள்.

ஒரே நிமிடத்தில் வார்டு, ஆய்வுகூடம் என்று டெலிபோன்கள் அலறின. சீதாவுக்கு உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்வானேன். கீபோர்டை இழுத்துப் பதினொரு எண்களையும் மனப்பாடமாக அடித்து இரண்டு நிமிடத்தில் சரிசெய்தாள். மூச்சு வாங்க ஓடிவந்த மக்கீன் நடந்ததை விசாரித்துவிட்டு அவளைத்தான் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷத்துல பிழையப் புடிச்ச ஒங்களுக்கு, முன்னுக்கே வெளங்கலியா சீதா?"

கிருஷாந்தி முந்திக்கொண்டாள். "பிழை என்னோடது சேர். அக்கா கவனிச்சிருக்க மாட்டாங்க. கண்டிருந்தா சொல்லாம இருப்பாங்களா?"

மக்கீன் சீதாவை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நியமனக் கடிதம் கிருஷாந்தியின் மேசைக்குப் போனது. பதவியை ஏற்றுக்கொண்டு அவள் எழுதிய பதிலை முதலில் சீதாவிடம்தான் கொண்டுவந்தாள்.

"சரியான்னு ஒருக்கா பாருங்க அக்கா."

சீதா வரிவரியாகப் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை.