முதுகு மண்ணில் பட்ட ஞாயிற்றுக்கிழமை

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு, எங்கள் நாடகக் கம்பெனி ஆடி, ஆவணி இரண்டு மாதமும் தென்காசியில் தங்கியிருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களை நம்பித்தான் முதலாளி அங்கே கொட்டகை போட்டார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கம்பெனியில் ஸ்திரீபார்ட், கதாநாயகி வேஷம் கட்டுகிறவள். அந்த வருஷம் நான் கட்டியது ஒரு பயில்வானின் மனைவி வேஷம்.

நாடகம் எங்கள் வாத்தியார் புதிதாக எழுதியது. குஸ்தியில் தோற்று ஊராரின் கேலிக்கு ஆளான ஒரு பயில்வான், முருகன் சன்னதியில் நாற்பத்தெட்டு நாள் விரதம் கிடக்கிறான். கடைசிக் காட்சியில் தன்னைத் தோற்கடித்த மல்லனை மறுபடியும் சந்திக்கிறான். முருகா என்று கூவி, மல்லனைத் தூக்கி மல்லாக்கப் போடுகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் மேடையில் ஒரு வண்டி ஆற்றுமணலைக் கொட்டி, குஸ்தியை நிஜம் போலவே காட்டினோம். கூட்டம் அதற்காகத்தான் வந்தது.

பயில்வானாக நடித்தவர் எங்கள் ராஜபார்ட், கதாநாயகன் வேஷக்காரர். இலத்தூர்க்காரர். பிரமாதமான குரல், ஆனால் ஒல்லி உடம்பு. மல்லனாக நடிக்க முதலாளி ஒரு நிஜப் பயில்வானையே பிடித்து வந்திருந்தார். தென்காசியில் தறி நெய்யும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். மலைக்கு அந்தப்பக்கம் கொல்லம் வரை போய்க் குஸ்தி பிடித்து ஜெயித்தவர். கதவை அடைக்கிற உடம்பு. கம்பெனியில் அவரைத்தான் நாங்கள் பயில்வான் என்போம். பேச்சு மட்டும் மெதுவாக இருக்கும். என்னை முதல் நாளிலிருந்தே தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். ராஜபார்ட் அவர் இடுப்பில் கை வைத்ததும் அவரே எம்பிக் குதித்து, தோளில் புரண்டு, மணலில் விழுவார். தூக்கிப் போட்டது போலவே இருக்கும். இந்த வித்தை எங்களுக்குள் மட்டும் தெரிந்தது.

நாடகம் தொடங்கி இரண்டு வாரத்தில் ராஜபார்ட் நிஜமாகவே விரதம் பிடித்தார். "வேஷம் ஒட்டணும்லா" என்று சிரித்தபடிதான் ஆரம்பித்தார். ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. செவ்வாயும் வெள்ளியும் சாரலில் நனைந்துகொண்டு பண்பொழிக்கு நடந்தே போய், மலை ஏறி முருகனைக் கும்பிட்டுத் திரும்புவார். கன்னம் ஒட்டிப்போனது. கண் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்தக் கண்ணோடு மேடையில் 'முருகா' என்று கூப்பிடும்போது பக்கத்தில் நிற்கிற எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

ஒருநாள் சாயங்காலம், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கொட்டகையின் பின்வாசலுக்கு வந்தாள். ராஜபார்ட் கையால் திருநீறு பூசச் சொன்னாள். அவர் பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார். "நான் நடிக்கிறவன்மா. கோயிலுக்குப் போ" என்றார். அடுத்த வாரம் வேறு நாலு பேர் வந்தார்கள். அந்தத் தடவை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வரிசையாகப் பூசிவிட்டார். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தவள் அதைப் பார்த்தபடி நின்றேன்.

பிறகு ஒருநாள் ஒத்திகையில், பயில்வானை மணலில் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்ற ராஜபார்ட், "அண்ணாச்சி, இப்ப நீங்க எம்பல. நானாத்தான் தூக்கினேன்" என்றார்.

"எம்பினேன்யா" என்றார் பயில்வான்.

"இல்ல. எனக்குத் தெரியுது. கைக்குள்ள யாரோ வந்து நிக்கான். ஞாயித்துக்கிழமை நெசமாவே புடிப்போம். நீங்க விட்டுக்குடுக்கக் கூடாது."

பயில்வான் சிரித்துப் பார்த்தார். ராஜபார்ட் சிரிக்கவில்லை. முதலாளிக்கு விஷயம் போனதும் உற்சாகம் தாங்கவில்லை. ஞாயிறு மாலை ஆட்டத்தில் நிஜக் குஸ்தி என்று தமுக்கடிக்கச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் நான் சிற்றாற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கலங்கலாக, மரக்கிளைகளை அடித்துக்கொண்டு வந்தது. பயில்வான் தேடிக்கொண்டு வந்து, கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"நான் நெசமாப் புடிச்சா அவன் கழுத்து தாங்காது, தங்கச்சி. விரதம் இருந்து எலும்பாக் கெடக்கான். என்ன செய்யன்னு தெரியல."

"விழுந்திருங்க, அண்ணே. ஒருநாள் கூத்துதான. அவருக்கும் மனசு ஆறிரும்."

"பொய்யில்லா அது?"

"தெனமும் செய்யிறதுதான."

அவர் எழுந்து போய்விட்டார். அந்த யோசனையைச் சொன்னவள் நான். இன்றைக்கும் அதை வேறு யார் தலையிலும் வைக்க எனக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. கடைசிக் காட்சிக்கு முன் ராஜபார்ட் மேடையின் முன்பக்கம் வந்து, "இனிமே நடிப்பு இல்ல" என்று சொல்லிக் கும்பிட்டார். கூட்டம் அடங்கிப்போனது. தகரக் கூரையில் சாரல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இருவரும் பிடித்தார்கள். பயில்வான் நன்றாகவே நடித்தார். ஒருமுறை நெட்டித் தள்ளினார், ஒருமுறை முழங்கால் போட்டு எழுந்தார். பிறகு இடுப்பில் கை விழுந்ததும் எம்பினார். முதுகு மணலில் பட்டபோது அவர் கண் மேடை ஓரத்துத் தட்டி மறைவில் நின்ற என்னைத்தான் பார்த்தது.

அப்புறம் எழுந்த கூச்சலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அரோகரா என்று ஜனம் மேடையில் ஏறி ராஜபார்ட்டைத் தூக்கிக்கொண்டு போனது. பயில்வான் பின்வாசல் வழியாகப் போனபோது சில பயல்கள் சேற்றை அள்ளி அவர் முதுகில் எறிந்தார்கள். "எங்க சாமி உன்னச் சாச்சிட்டாருலே!" என்று கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து கம்பெனிக்கும் வரவில்லை.

ஊரே நம்பிவிட்டது. அதைவிட மோசம், ராஜபார்ட்டும் நம்பிவிட்டார். பத்து நாளில், செங்கோட்டையில் நடக்கிற குஸ்திக்குத் தன் பேரைக் கொடுத்துவிட்டு வந்தார். எதிராளி மலைக்கு அந்தப்பக்கத்து ஆள். நாடகம் கீடகம் அறியாதவன். வாத்தியார் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சினார். முதலாளி அவரை அதட்டி உட்கார வைத்தார்.

குஸ்திக்கு முந்தின நாள் மத்தியானம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று ராஜபார்ட் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். முருகன் படத்துக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்ன பிள்ள, என்னமோ சொல்ல வந்த மாதிரி நிக்க?"

"ஒண்ணுமில்ல, அண்ணாச்சி. சாப்பிட்டீங்களான்னு கேக்க வந்தேன்."

செங்கோட்டையில் நான் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். அவர் கோதாவில் இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, முருகா என்று கூப்பிட்டார். அதே குரல். எதிராளி அவரைத் தூக்கியதைத்தான் பார்த்தேன், விழுந்ததைப் பார்க்கவில்லை. முன்னால் நின்றவர்கள் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். அதிலிருந்தே தெரிந்துவிட்டது. இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

உயிர் இருந்தது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பல நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இலத்தூரில் அவருடைய தங்கை வீட்டில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். திருநீறு பூசிக்கொள்ள வந்தவர்களில் ஒருவரும் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. பாவம் ஏதோ செய்திருப்பான், அதனால்தான் சாமி கைவிட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கம்பெனி கொட்டகையைப் பிரித்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனது. நானும் போனேன்.

ஒரு வருஷம் கழித்துத்தான் அவரைப் பார்க்கத் துணிவு வந்தது. கட்டிலில் கிடந்தார். சுத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். தங்கை காப்பி கொண்டுவர உள்ளே போனதும், முகட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. அன்னைக்குப் பயில்வான் அண்ணாச்சி தானா விழுந்தாரா?"

பொய் சொல்ல ஒரு வருஷமாக யோசித்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை.

"ஆமா. நான்தான் விழச் சொன்னேன்."

அவர் கண்ணின் ஓரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்க அவர் கை அசையாது. நான் துடைத்தேன்.

"அப்போ முருகன் என்னைய விட்டுட்டுப் போகல" என்றார். "அன்னைக்கு வந்திருந்தாத்தான போறதுக்கு? என்ன பாவம் செஞ்சோம், எதுக்குக் கைவிட்டான்னு ஒரு வருசமா இந்த முகட்டையே கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்." அவர் முகம் தெளிந்தது. நான் அழுதுவிட்டேன். அந்தத் தெளிவு மாறாமலே, சாதாரணமாகப் பேசுகிற மாதிரி, இன்னொன்றும் சொன்னார்:

"இத நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, இப்ப நான் நடந்துக்கிட்டிருப்பேன், என்ன?"

கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை. காப்பி வந்தது. குடிக்காமல் எழுந்தேன்.

"போயிட்டு வா" என்றார். "பயில்வான் அண்ணாச்சிய ஒருநாள் வரச் சொல்லு."

தென்காசியில் இறங்கி, தறிச் சத்தம் கேட்கிற தெருவில் விசாரித்துப் பயில்வானைக் கண்டுபிடித்தேன். அவர் குஸ்தியை அந்த ஞாயிற்றுக்கிழமையோடு விட்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?" என்று தறிக்குழியிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து அவரே இலத்தூருக்கு நடந்து போயிருக்கிறார். காலையில் போனவர் பொழுது சாய்ந்துதான் திரும்பினாராம். பின்னால் ஒருமுறை பார்த்தபோது, என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"பேசினோம், தங்கச்சி" என்றார். பிறகு தறிக்குழியில் இறங்கித் தறியை ஓட்ட ஆரம்பித்தார்.