கரண்டு பில் யார் கட்டுவா?

மின்சார காருக்குச் சார்ஜ் போடும் நிலையம் எல்லா ஊருக்கும் வேண்டும், ஆனால் யாருடைய வாசலிலும் வேண்டாம்; இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம். கடை கடையாக ஏறி எதையாவது விற்கப் பார்த்தவர்கள், விற்க முடியாமல் இறங்கியவர்கள், வேலை நிரந்தரமாகுமா என்று தெரியாமல் சோறு இறங்காமல் இருந்தவர்கள், அத்தனை பேருக்கும் வணக்கம். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஜார்ஜ் டவுனில் இருக்கும் எங்கள் நிறுவனம் சார்ஜ் போடும் மெஷினைத் தரும். அதை வைக்க இடம் பார்ப்பது நான். இடமும் மின்சாரமும் இடத்துக்காரருடையது. கார்க்காரர்கள் கட்டும் காசில் கரண்டு பில் போக மிஞ்சுவதை இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம். ஆறு மாத ப்ரொபேஷனுக்குள் ஒரே ஓர் இடத்துக்காரராவது கையெழுத்துப் போட வேண்டும். போடவில்லையென்றால் நான் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். என் பட்டமளிப்பு விழாவுக்கு வேன் பிடித்து வந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் அந்தச் செய்தியைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும்.

கரண்டு ஆபிசர்

வேலை கிடைத்த அன்றே என் அம்மா ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி ஃபிளாட் முழுக்கச் செய்தி சொல்லிவிட்டார். சார்ஜிங், சைட், சர்வே என்று நான் சொன்னதையெல்லாம் சுருக்கி, "என் மக கரண்டு ஆபிசர்" என்று முடித்துவிட்டார். அன்றைக்கே கீழ்வீட்டு லெட்சுமி அக்கா தன் கரண்டு பில்லோடு படியேறி வந்துவிட்டார். லிஃப்டு வேலை செய்யவில்லை. மூச்சு வாங்க நின்றவரிடம் எனக்கும் அந்த பில்லுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

பில்லை வாங்கி மேலும் கீழுமாகப் பார்த்தேன். ஏதாவது தப்பு இருந்தால் நன்றாக இருக்குமே என்று உண்மையிலேயே தேடினேன். தப்பே இல்லை. "அக்கா, பில் சரியாத்தான் வந்திருக்கு. ராத்திரி பூரா ஏர்கோன் ஓடுது போல" என்றேன். அக்கா பில்லை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"படிச்ச பிள்ளைன்னு கொண்டாந்தேன். இதையேதான் என் வீட்டுக்காரரும் சொன்னாரு, அவரு ஆறாம் வகுப்போட நின்னவரு."

சேலைக் கடையில் இருட்டு

முதல் படையெடுப்பு லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடை மீது. என்னோடு வந்தவர் சேகர் அண்ணே, எங்கள் நிறுவனத்தின் எலக்ட்ரீஷியன். நான் பேசுவேன், அவர் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். கடைக்குப் பின்னால் கார் நிறுத்த நல்ல இடம். முதலாளி எங்களுக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்து, முதல் வாய் குடிப்பதற்குள் கேட்டார்: "கரண்டு பில் யார் கட்டுவா?"

நான் மறைக்காமல் சொன்னேன். சேலை எடுக்க வருகிறவர் அதிக நேரம் காத்திருக்க மாட்டார், அதனால் வேக மெஷின் வேண்டும். வேக மெஷினுக்குப் பெரிய இணைப்பு வேண்டும். பெரிய இணைப்பில், ஓடிய யூனிட்டுக்கு ஒரு கணக்கு, அந்த மாதத்தில் எந்த நேரம் மிக அதிகமாக இழுத்தோமோ அந்த உச்சத்துக்குத் தனியாக ஒரு கணக்கு. நான் சொல்லச் சொல்ல முதலாளி எழுந்து போய் ஒரு காற்றாடியை நிறுத்தினார். உச்சம் என்றதும் பட்டுச் சேலைப் பக்கத்து விளக்குகளை அணைத்தார். நான் பேச்சை முடித்தபோது கடையில் கல்லாப் பெட்டிக்கு மேல் இருந்த விளக்கு மட்டும்தான் எரிந்தது. அதன் சுவிட்சிலும் அவர் கை இருந்தது.

"நீ பேசப் பேச எனக்கு மீட்டரு சுத்துற சத்தம் கேக்குதும்மா. மிச்சத்த ரோட்டுல வெயில்ல நின்னு பேசுவோம், வா."

வருடம் முழுவதும் காலி

"உண்மையச் சொல்லு தங்கச்சி, வேணாங்கல. அத ஏன் மொத வாயிலேயே சொல்ற?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார் சேகர் அண்ணே. அடுத்த இடத்தில் அப்படிச் செய்யக்கூடாது என்று சத்தியம் செய்துகொண்டேன். அடுத்த இடமும் அருமையான இடம். பெரிய சாலை ஓரம், ஒரு லாரி கான்டிராக்டருக்குச் சொந்தமான வெற்றுத் தரை. அகலம், நிழல், பக்கத்திலேயே மின்கம்பம். வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடித்ததே நான்தான். இவ்வளவு நல்ல இடத்தை இத்தனை வருடமாக ஒருவர்கூடப் பயன்படுத்தவில்லையே என்று எங்கள் மேலாளர் மிஸ் லிம்மிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

கான்டிராக்டர் சிரிக்காமல் எல்லாவற்றையும் கேட்டார். பில்லைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. பிறகு அவர் சாலையைக் காட்டி, "ரதம் எந்த வழியா போகும்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தைப்பூசத்துக்கு ரதம் வரும்போது மலைபோல் தேங்காய் குவித்து உடைக்கிற இடம் அது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அங்கே சில்லு காலில் குத்தாமல் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் அதுவரை கூட்டமில்லாமல் அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் அடையாளம் தெரியவில்லை.

"வருஷம் பூரா மெஷினு நிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. தைப்பூசத்தன்னைக்கு மட்டும் அதுக்கு ஒரு ஹெல்மெட்டு மாட்டி விட்டுருவீங்களா?"

ரைஸ் குக்கரும் காரும்

பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஆறுமுகம் அங்கிள் அவராகவே எங்களுக்குப் போன் செய்தார். பருவத்தில் பழம் சாப்பிட வருகிறவர்கள் மின்சார காரில் வருகிறார்களாம். தானாக அழைத்த முதல் மனிதர். மிஸ் லிம் சந்தோஷத்தில் நிறுவனத்தின் மின்சார காரையே எங்களிடம் கொடுத்துவிட்டார்.

மலைப்பாதையில் பாதி ஏறும்போதுதான் காரில் சார்ஜ் தீரப்போவதைச் சேகர் அண்ணே பார்த்தார். முந்தின நாள் காருக்கு நான் சார்ஜ் போட்டிருப்பேன் என்று அவர் நினைத்திருந்தார். அவர் போட்டிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். ஏர்கோனை நிறுத்தி, ரேடியோவை நிறுத்தி, ஏற்றத்தில் இருவரும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, தோட்டத்து வாசலில் உருண்டு போய் நின்றோம். சார்ஜிங் நிலையம் வைக்கச் சொல்ல வந்தவர்கள் முதலில் கேட்டது, "அங்கிள், வீட்ல ஒரு பிளக் பாயின்ட் கிடைக்குமா?"

கிடைத்தது, சமையலறையில். ஜன்னல் வழியாக ஒயரை விட்டோம். காருக்குச் சார்ஜ் ஏறினால் ரைஸ் குக்கர் ஏறாது. ரைஸ் குக்கரைப் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்தது. அதனால் அன்று அந்த வீட்டில் சோறு இல்லை. அங்கிள், அவர் மனைவி, சேகர் அண்ணே, நான், நால்வரும் காரைச் சுற்றி உட்கார்ந்து மதியத்துக்கும் மாலைக்கும் டுரியானே சாப்பிட்டோம். அவ்வளவு தூரத்துக்குப் பெரிய மின்கம்பி இழுக்கும் செலவை டுரியான் பருவம் ஈடுகட்டாது என்று நான்தான் கடைசியில் அங்கிளிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. தொங்கிப்போன முகத்தோடு நாங்கள் கிளம்பும்போது அவர் மனைவி ஜன்னலிலிருந்து ஒயரைச் சுருட்டிக் கொடுத்தார்.

"சார்ஜு போட எடம் தேடுறோம்னு நீங்க போன்ல சொன்னதா இவரு சொன்னப்ப அது ஒங்க வேலைன்னு நெனச்சேன். இவ்ளோ அவசரம்னு தெரியாம போச்சு."

எங்கள் ஃபிளாட்டில் ஓட்டெடுப்பு

ஐந்து மாதம் ஓடிவிட்டது. வேறு வழியில்லாமல் சொந்த ஃபிளாட்டின் கார் பார்க்கையே கேட்டுப் பார்க்கலாம் என்று குடியிருப்பாளர் கூட்டத்தில் நின்றேன். முன்வரிசையில் அம்மா. நான் போட்டிருந்த சட்டைக்கு அவர்தான் இஸ்திரி போட்டார். என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்களிடம், "நம்ம பிள்ளதான், கைதட்டுங்க" என்றார். பேசும் முன்னமே கைதட்டல்.

எங்கள் ஃபிளாட்டில் கார் நிறுத்தும் இடத்தைப் பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, பழைய டயர் எதையாவது வைத்துத்தான் பிடித்து வைப்போம். இதை அறியாதவள்போல் நான் இரண்டு இடம் கேட்டேன். ஒரு மாமா எழுந்து, "இங்க மின்சாரக் காடி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். "யார்கிட்டயும் இல்ல" என்றேன். வேறு என்ன சொல்வது? வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்று தலைவர் சொன்னதும் முதலில் உயர்ந்த கை என் அம்மாவுடையது. நான் காட்டிய இரண்டு இடங்களில் ஒன்று என் அப்பா வேன் நிறுத்தும் இடம். வீட்டுக்குப் படியேறும்போது ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"வேல ஒன்னோடது, அதுக்கு நான் சாமி கும்பிடுறேன். பார்க்கிங்கு அப்பாவோடது, அதுக்கு நாந்தான் கை தூக்கணும்."

டியூஷன் வாசல்

ப்ரொபேஷன் முடிய ஒரு வாரம். சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பினேன். மின்சார கார் நிலையத்துக்கு இடம் பார்க்கிறவள் பெட்ரோல் மோட்டாரில் போகிறாளே என்று நீங்கள் நினைக்கலாம், நானும் தினமும் நினைக்கிறேன். ஜெலுத்தோங்கில் ஒரு டியூஷன் சென்டர் வாசலில் மாட்டிக்கொண்டேன். சாலை ஓரத்திலும், பக்கத்து வெற்று மனையிலும், சாலையின் நடுவிலும்கூடக் கார்கள். எல்லாவற்றிலும் எஞ்சின் ஓடியது, ஏர்கோன் ஓடியது, உள்ளே அப்பாக்களும் அம்மாக்களும் வாயைத் திறந்து தூங்கினார்கள். ஒரு கார் மட்டும் சத்தமே போடவில்லை. மின்சார கார். கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்தவர் என்னை அபராதம் போட வந்தவள் என்று நினைத்துத் திடுக்கிட்டு எழுந்து, "நகத்திடுறேன், சம்மன் போட்டுறாதீங்க" என்றார்.

எவ்வளவு நேரம் இங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். டீச்சர் விடுகிற வரைக்கும், ஒன்றரை மணி நேரமாவது ஆகும், வாரத்தில் மூன்று நாள் என்றார். எனக்கு அங்கேயே ஆடலாம்போல் இருந்தது. எப்படியும் காத்திருக்கிறவருக்கு வேக மெஷின் எதற்கு? மெதுவான மெஷின் போதும். மெதுவான மெஷினுக்குச் சின்ன இணைப்பு போதும். உச்சத்துக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

சென்டரை நடத்தும் ரோசலின் டீச்சருக்குத்தான் அந்த மனையும் சொந்தம். கையில் சிவப்புப் பேனாவோடு, நின்றபடியே கேட்டார்: "கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

"உங்க பேர்லதான் வரும் டீச்சர். சின்ன பில்லுதான். ஆனா பெரிய லாபமும் வராது."

"நஷ்டம்?"

"யாரும் வராட்டி நஷ்டம்தான்." சேகர் அண்ணே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

டீச்சர் ஜன்னல் வழியே கீழே பார்த்தார். இரண்டு அம்மாக்கள் ஒரே சந்துக்காகக் கார்களை முட்டிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் பேனா மூடியைக் கழற்றினார்.

"இத்தன வருஷமா பார்க்கிங்குக்கு எல்லாரும் எங்கூட சண்ட போட்டாங்க. இனிமே அவங்களுக்குள்ள போட்டுக்கட்டும். எங்க சைன் பண்ணணும்?"

முதல் வாடிக்கையாளர்

மனைக்கு ஏற்கெனவே மின்சாரம் இருந்ததால் மெஷின் சீக்கிரமே நின்றுவிட்டது. திறந்த அன்று மிஸ் லிம் வந்து அதைச் சுற்றிப் பார்த்து, "ஓகே லா, யூ கன்ஃபர்ம் ஆல்ரெடி" என்றார். என் வேலை நிரந்தரமானது இவ்வளவுதான். நான் அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் எனக்கு முன்னால் அழுதார், அதனால் நான் சிரித்துவிட்டேன்.

முதலில் வந்து ஒயரை மாட்டியவர், நான் கண்ணாடியைத் தட்டி எழுப்பிய அதே அப்பா. டியூஷன் முடிந்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். அவர் மகனும் பையை மாட்டிக்கொண்டு வந்து காரின் கதவைத் திறந்தான். அப்பா மெஷினில் ஓடிய எண்ணைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பையனின் தோளைப் பிடித்துத் திருப்பி மாடிப்படிப் பக்கம் நடத்திக்கொண்டு போனார்.

"டீச்சர், சார்ஜு இன்னும் எழுவதுலதான் நிக்குது. பையனுக்கு இன்னும் ரெண்டு கணக்கு குடுத்து உக்கார வைங்களேன்."

பட்டம் வாங்குவதற்காகச் சின்ன வயதில் டியூஷனுக்குப் போனேன், அந்தப் பட்டத்தால் கிடைத்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளவும் டியூஷனுக்கே போக வேண்டியதாகிவிட்டது.